ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிய கோழி

கிழட்டுக் கோழி என்ற ஒன்றை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் முட்டை குறைந்த பெட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டாது. விருந்தாளி வந்துவிட்டால் அதற்கும் முன்பே கதை முடிந்துவிடும். எங்கள் கருப்பி தப்பியதற்கு ஒரே காரணம் என் மகள். குஞ்சாக இருக்கும்போதே பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த கோழியை யார் அறுப்பது?

கருப்பிக்கு இப்போது எட்டு வயது. போன மாசியில் ஒருநாள் காலை பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றவை எல்லாம் ஓட, அது மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைச் செருகி, அப்படியே நின்றது. நேற்று மாலை வரை நன்றாகத்தானே மேய்ந்தது என்றுதான் எல்லோரும் சொன்னோம். அநேகமாக அது உண்மையில்லை. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்து, 1921 வாக்கில் இதை விவரித்தார். நோஞ்சான் என்று தெரிந்தால் வரிசையில் கீழே இறங்க வேண்டியதுதான். தீனியும் கடைசியில்தான் கிடைக்கும். அதனால் முடிந்தவரை ஒன்றுமில்லாததுபோல் நடமாடும். நம் கண்ணில் படும்போது நோய்க்குப் பல நாள் வயதாகியிருக்கும்.

சிலிர்த்து நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. கோழியின் உடல்வெப்பம் 41 டிகிரி செல்சியசுக்கு மேல். நமக்கு அந்தச் சூடு கொளுத்தும் காய்ச்சல். தீனி இறங்காத உடம்பு அந்த வெப்பத்தைக் காப்பாற்றத் திணறும்போது, இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துவைத்துப் போர்வையாக்கிக்கொள்கிறது. தூங்கி வழிவதும் மேயாமல் நிற்பதும் இருக்கிற சக்தியை நோயெதிர்ப்புக்கு ஒதுக்கும் வழி என்று 1988-ல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை விஞ்ஞானி எழுதினார். ஆகவே முதல் வைத்தியம் சூடுதான். ஓர் அட்டைப்பெட்டி, ஒரு ஓரத்தில் குண்டு பல்பு, சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறு ஓரத்தில் இடம். மற்ற கோழிகள் கண்ணில் படுகிற இடமாக இருந்தால் நல்லது.

நாலைந்து கோழிகள் ஒரே சமயத்தில் சுருண்டால் அது வேறு விஷயம். வெள்ளைக்கழிச்சல் போன்ற தொற்றாக இருக்கலாம்; உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். வயதான பெட்டை ஒன்று மட்டும் படுத்தால், எனக்கு முதல் சந்தேகம் முட்டையின் மேல்தான்.

முட்டை என்பது லேசான வேலையில்லை. கோழிக்கு இடப்பக்கச் சூலகமும் (மஞ்சள் கரு உருவாகும் உறுப்பு) இடப்பக்க முட்டைக்குழாயும் மட்டும்தான் வேலை செய்கின்றன. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம். அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. ஓட்டுக்குத் தேவையான கால்சியம் சுமார் 2 கிராம். கோழியின் உடம்பில் உள்ள மொத்த இருப்பில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில். அப்போது தீனி கிடையாது. எலும்புக்குள்ளே இதற்கென்றே சேர்த்துவைத்த ஒரு தற்காலிக எலும்பையும் கரைத்துத்தான் ஓடு செய்கிறது. மறுநாள் மேய்ந்து அதை நிரப்பிக்கொள்ளும். வயதாக ஆகக் குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறன் குறைகிறது. தோல்முட்டை விழுவதும், முட்டை வழியிலேயே சிக்கிக்கொள்வதும், எலும்பு பலவீனமாவதும் இதன் தொடர்ச்சி. இதற்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். தீனியில் கலந்தால், முட்டையிடாத கோழியும் தின்று சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளும். தேவைப்படுகிற கோழி தானாகவே கிண்ணத்தைத் தேடிப் போகும்.

காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்க்கும். பண்ணை ரகங்கள் முந்நூறைத் தாண்டுகின்றன. ஒவ்வொரு முறை மஞ்சள் கரு வெளிவரும்போதும் சூலகத்தின் மேல்தோல் கிழிந்து ஆறுகிறது. இப்படி ஓயாமல் கிழிந்து ஆறுவதுதான் பெண்களுக்குச் சூலகப் புற்றுநோய் வரக் காரணமோ என்று 1971-ல் எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா கேட்டார். அந்தக் கேள்வியை ஆராய விஞ்ஞானிகள் பிடித்த பிராணிகளில் ஒன்று வயதான முட்டைக்கோழி. யாரும் ஊசி போடாமல் தானாகவே அதற்கு அந்தப் புற்றுநோய் வருகிறது. அடைகாக்கும் வாரங்கள்தான் சூலகத்துக்கு லீவு. நாமோ அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி, அடை தெளியவைத்து, மறுபடி முட்டைக்கு அனுப்புகிறோம். அமெரிக்காவின் அலபாமாவில் கின்னஸ் சாதனை படைத்த மட்டில்டா என்ற கோழி 16 வயதுவரை இருந்து 2006-ல் இறந்தது. அது முட்டையே இட்டதில்லை என்றார்கள் வளர்த்தவர்கள். ஒரு கோழியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான்.

கருப்பிக்கு வந்தது புற்றுநோய் இல்லை. சூலகத்திலிருந்து விழும் கருவைப் புனல் மாதிரியான ஒரு வாய் ஏந்திக்கொள்ள வேண்டும். சில சமயம் அது தவறி, கரு வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிடும். மஞ்சள் கருவைவிட ருசியான சாப்பாடு பாக்டீரியாவுக்கு வேறில்லை. உள்ளே புண்ணாகி நீர் கோத்துக்கொள்ளும். கருப்பியைத் தூக்கிப் பார்த்தால் கால்களுக்கு நடுவே வயிறு தண்ணீர்ப் பை மாதிரி தொங்கியது. நெஞ்செலும்போ கத்திபோல் கூராக இருந்தது. தடவிப் பார்க்காமல் வெறும் கண்ணால் பார்த்திருந்தால் நன்றாகச் சதை போட்டிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பேன். “குழம்பு வைக்காம இங்க தூக்கிட்டு வந்திருக்கீங்களே சார்” என்று மாட்டு டாக்டர் சிரித்தார். ஆனாலும் ஊசியால் நீரை மெதுவாக எடுத்துவிட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே மூச்சு சீரானது.

வயிற்று நீருக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசைத்திரை கோழிக்குக் கிடையாது. நுரையீரல் விரிந்து சுருங்குவதும் இல்லை. உடம்பெங்கும் பரவிய காற்றுப்பைகள்தான் துருத்தி மாதிரி காற்றைத் தள்ளுகின்றன. அவற்றில் சில வயிற்றுக்குள் இருக்கின்றன. வயிற்றில் நீர் சேர்ந்தால் துருத்திக்கு இடமில்லை. இதே காரணத்தால்தான் கோழியை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்கக் கூடாது; நெஞ்செலும்பு அசைந்தால்தான் அது மூச்சே விட முடியும்.

நான் ஒரு பெரிய தப்பும் செய்தேன். டாக்டரிடம் போவதற்கு முன், வாயைப் பிளந்து ஸ்பூனில் தண்ணீர் ஊற்றினேன். கருப்பி தலையை உதறிச் செருமியது. கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் பின்பக்கத்தை ஒட்டியே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேராக அங்கே போகலாம். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் போதும், தலையைத் தூக்கித் தானே விழுங்கும்.

நம் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் வேண்டாம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தால், அந்த மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற நம் நாட்டுப் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்து, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தே தடையானது. பறவைகள் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதுதான். சிறுநீரகம் நின்றால் அந்த வெள்ளை உள்ளுறுப்புகளின் மேலேயே படியும். எச்சத்தைத் தினம் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. வெறும் பச்சையாக இருந்தால் பித்தம் மட்டும் வருகிறது, தீனி இறங்கவில்லை என்று அர்த்தம்.

இனி முட்டையைக் குறைக்க வேண்டும். வெளிநாடுகளில் இதற்கென ஹார்மோன் குச்சியைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். எங்களால் முடிந்தது, கூட்டின் மேல் எரிந்த தெருவிளக்கு வெளிச்சத்தைச் சாக்கால் மறைத்தது. கோழி கண்ணால் மட்டும் பகலை அறிவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒளியை மூளையே உணர்கிறது. பகல் நீண்டால் முட்டை, சுருங்கினால் ஓய்வு.

கொய்யா மரக்கிளைக்கு அது இப்போது ஏறுவதில்லை. கீழே இரண்டு செங்கல் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அதைச் சமையல்கட்டுத் தராசில் ஏற்றுகிறாள். போன வாரம் 1 கிலோ 320 கிராம்.