பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள், கம்பியை இறக்கிப் பாருங்கள்

தோண்டி முடித்து, மண் நிரப்பி மூடிய சுரங்கத்தைப் பார்வையிடப் போகும்போது என் கையில் எப்போதும் ஒரு இரும்புக் கம்பி இருக்கும். ஒரு மீட்டர் நீளம், கூர்முனை, மேலே கைப்பிடி. மண்ணில் ஊன்றி உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்துவேன். முழங்கால் ஆழம் இறங்கினால் நிம்மதி. ஒரு சாண் இறங்கியதும் டக்கென்று நின்றுவிட்டால், அங்கே நட்ட மரங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

ஒரு சுரங்கத்தில் அப்படித்தான் நின்றது. பார்க்க அவ்வளவு அழகான இடம். மேடு பள்ளமே இல்லாமல் நிரவி, புல் விதைத்து, வரிசை பிசகாமல் கன்று நட்டிருந்தார்கள். மூன்று வருடமாகியும் கன்றுகள் இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை. ஒன்றின் பக்கத்தில் குழி வெட்டிப் பார்த்தேன். ஆணிவேர் ஒரு சாண் கீழே போய், முழங்கையை மடக்கியதுபோல் திரும்பி, பக்கவாட்டில் தட்டையாக ஓடியிருந்தது. நட்டவர்கள் மேல் குறை இல்லை. நிரவுகிறோம் என்று புல்டோசரும் டிப்பரும் திரும்பத் திரும்ப ஓடி மண்ணைக் கல்லாக்கியிருந்தன. மண் ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் இறுக்கம் இன்னும் மோசமாகும்.

அமெரிக்காவில் 1977-ல் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. தோண்டிய நிலத்தை ஏறக்குறையப் பழைய வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பது அதில் முக்கியமான விதி. நல்ல சட்டம்தான். ஆனால் தோண்டியெடுத்த கல்லையும் மண்ணையும் கொட்டிய கழிவு மேடு சரிந்துவிடக் கூடாது என்ற பயத்தில் மேற்பரப்பு வரை இறுக்கினார்கள், சீக்கிரம் பச்சை பிடிக்க வேண்டும் என்று அடர்த்தியாகப் புல்லைத் தூவினார்கள். அப்பலாச்சிய மலைகளில் காடு இருந்த பல இடங்கள் புல்வெளியாகவே நின்றுபோயின. அப்புறம்தான் அங்குள்ள வன ஆய்வாளர்கள், மேலே குறைந்தது 4 அடி மண்ணை இறுக்காமல் பொலபொலவென்று விடச் சொன்னார்கள். அப்படி விட்ட நிலம் கரடுமுரடாகத்தான் இருக்கும், மேற்பார்வைக்கு வருபவர் வேலை முடியவில்லை என்றே நினைப்பார். ஆனால் மழையைப் பிடித்து வைப்பதும், காற்றில் வரும் விதைக்கு இடம் கொடுப்பதும் அந்தக் குண்டும் குழியும்தான்.

அதற்காக மேடு முழுவதையும் தளர்வாக விட முடியாது. இறுக்கம் அடியில், தளர்வு மேலே. ஏற்கெனவே இறுகிப்போன நிலம் என்றால், புல்டோசரின் பின்னால் ரிப்பர் என்ற இரும்புக் கொழுவை மாட்டி ஆழமாகக் கீற வேண்டும். சரிவுக்குக் குறுக்கே கீற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். சரிவின் போக்கிலேயே கீறினால் ஒவ்வொரு கீறலும் முதல் மழையிலேயே ஓடையாகிவிடும்.

சரிவின் வடிவத்துக்கும் இதே அக்கறை வேண்டும். டிப்பர் கொட்டிய கழிவு தானாக நிற்கும் சாய்வு சுமார் 35 டிகிரி. கழிவு நிற்கும், ஆனால் அதன்மேல் பரப்பிய மண் நிற்காது. 3 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் அளவுக்காவது படுக்க வைக்க வேண்டும், இன்னும் படுத்தால் நல்லது. அளவுகோல் வைத்ததுபோல் நேராக இழுத்த நீளமான சரிவில் தண்ணீர் கீழே வர வர வேகம் பிடித்து அடிவாரத்தைத் தின்றுவிடும். இயற்கையான பல குன்றுகளில் மேலே செங்குத்தும் கீழே தாழ்ந்த சாய்வும் இருக்கும். அந்த வடிவத்தைத்தான் நாம் பின்பற்ற வேண்டும்.

கழிவுக்கு அடியில் ஊற்று இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். பிரிட்டனின் வேல்ஸில் உள்ள அபெர்ஃபான் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 7-ம் எண் கழிவு மேட்டை ஊற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். அந்த ஊற்று வரைபடத்திலேயே இருந்தது. 1966 அக்டோபர் 21 காலையில், தண்ணீர் ஊறிய மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள்.

மேல்மண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சுரங்கம் தோண்டும் முதல் நாளே அதைத் தனியாக வழித்தெடுக்க வேண்டும். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்று போகாமல் மண்ணுயிர் செத்துவிடும். 2, 3 மீட்டருக்கு மேல் குவிக்காமல் இருப்பது நல்லது. அதைவிட நல்லது, வேலை முடிந்த பகுதியில் எடுத்த கையோடு பரப்பிவிடுவது. மூடும் சமயத்தில் "மண் எங்கே?" என்று தேடினால் கிடைக்காது.

சுரங்கத்தின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மழை விட்ட மறுநாள் அடிவாரத்து வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். கற்களில் காவி நிறப் படிவு ஒட்டியிருந்தால், கந்தகம் கலந்த இரும்புக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகிக்கொண்டிருக்கலாம். ஆழத்தில் புதைத்து மூடியிருக்க வேண்டிய பாறை மேலே கிடக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டிய இடம் அது. அந்தத் தண்ணீரைத் தொடாமல் சுத்தமான பாட்டிலில் பிடித்து, இடத்தையும் தேதியையும் எழுதி, அன்றைக்கே பரிசோதனைக்குக் கொடுங்கள்.