எடை சொல்லும் வேகம்: விமானம் மேலெழும் கணக்கு

ஒரே விமானம் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் தரையை விட்டு எழுவதில்லை. இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், எடை 10 விழுக்காடு ஏறும்போது மேலெழும் வேகம் ஏறத்தாழ 5 விழுக்காடு ஏறினால் போதும். ஓடுபாதைத் தேவையோ அந்த அளவில் நிற்பதில்லை. எட்ட வேண்டிய வேகமும் கூடிவிடுகிறது, அதே எஞ்சின்கள் கனத்த விமானத்தை மெதுவாகவே முடுக்கவும் செய்கின்றன என்பதால், ஓடவேண்டிய தூரம் சுமார் 21 விழுக்காடு நீண்டுவிடுகிறது. காற்று வெப்பமாகவோ, விமான நிலையம் உயரமான இடத்திலோ இருந்தால் இன்னும் நீளும்.

புறப்படும் முன் விமானிகள் மூன்று வேகங்களைக் கணக்கிடுகிறார்கள். வி-ஆர் என்பது மூக்கை உயர்த்தத் தொடங்கும் வேகம். வி-2 என்பது ஓர் எஞ்சின் செயலிழந்தாலும் பாதுகாப்பாக ஏறுவதற்கு, 35 அடி உயரத்துக்குள் எட்டியிருக்க வேண்டிய வேகம். எடை கூடினால் இவை இரண்டும் கூடும். சிக்கலானது வி-1: புறப்பாட்டைக் கைவிடுவதென்றால் அந்த வேகத்துக்குள் கைவிட்டாக வேண்டும், அதைக் கடந்தபின் எஞ்சின் ஒன்று நின்றாலும் பறந்தே தீர வேண்டும். எடை மிகும்போது, மிச்சமுள்ள ஓடுபாதையில் பிரேக் பிடித்து நிற்பதற்கு வி-1 குறைவாக இருக்க வேண்டும். ஓர் எஞ்சின் குறைந்த நிலையில் எழுவதற்கோ அது அதிகமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் வேகம் கிடைக்காவிட்டால் சுமையைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

இத்தனை கணக்குக்கும் அடிப்படையான எடையைப் பெரும்பாலான விமானங்கள் தாமே அளந்து சொல்வதில்லை. வெற்று விமானத்தின் எடை, பயணிகளுக்கென வகுத்த சராசரி எடை, சரக்கு, எரிபொருள் ஆகியவற்றைக் கூட்டி வந்த எண்ணை விமானிகள் கணினியில் பதிகிறார்கள்.

எடை குறைவாக இருந்தால் எஞ்சின் தேய்மானத்தைத் தவிர்க்க உந்துவிசையையும் குறைத்துக்கொள்வார்கள். காற்று வெப்பமானால் எஞ்சின் தரக்கூடிய உந்துவிசை குறையும் என்பதால், வெளியே உண்மையில் இருப்பதைவிட வெப்பம் அதிகம் என்று கணினிக்குச் சொல்லியே இதைச் செய்கிறார்கள் என்பது வேடிக்கைதான். ஆனால், எடை தவறாகப் பதிந்தால் வேகமும் உந்துவிசையும் சேர்ந்தே தவறிவிடும். 2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்துக்கு 362.9 டன் என்பதற்குப் பதிலாக 262.9 டன் என்று கணக்கிடப்பட்டது. வால் ஓடுபாதையில் உரசியது. தலைமை விமானி முழு உந்துவிசையைக் கொடுத்தும், விமானம் ஓடுபாதையின் முடிவைத் தாண்டிய பிறகே எழுந்தது. உயிரிழப்பு இல்லை. முடுக்கம் மந்தமாக இருந்ததை அவர்கள் முன்பே உணராததில் வியப்பில்லை: உந்துவிசை ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் மாறுவதால், வழக்கமான முடுக்கம் இதுதான் என்று ஒப்பிட்டுப் பார்க்க விமானிகளிடம் நிலையான அளவுகோல் எதுவும் இருப்பதில்லை.