கல்ச்சர்: தட்டில் ஒரு வயல்

"சீழ் கல்ச்சருக்குப் போயிருக்கு, ரெண்டு நாள் ஆகும்." மருத்துவமனை வராந்தாவில் இதைக் கேட்டிருப்பீர்கள். சீழிலுள்ள பாக்டீரியாவை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதுதான் அது. இந்தக் கல்ச்சர் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'கொலெரே' என்றால் உழுதல், பேணுதல், குடியிருத்தல். அதில் பிறந்த 'குல்தூரா' பயிர் செய்வதைக் குறிக்கும். அக்ரிகல்ச்சரின் பின்பாதி அதுதான். தட்டில் பாக்டீரியா வளர்ந்து புள்ளியாகத் தெரிவதைக் காலனி என்கிறோமே, அதற்கும் இதே வேர். 'கொலோனுஸ்' என்றால் உழவர். நம்மிடமும் பண்படுத்திய நிலத்தை ஒட்டித்தான் 'பண்பாடு' வந்தது. ஆனால் அந்தச் சொல் மனித வாழ்க்கைக்கென்றே நிலைத்துவிட்டதால் ஆய்வகத்துக்கு உதவாது. அங்கே 'வளர்ப்பு' போதும். ஒரே இனம் மட்டும் என்றால் தூய வளர்ப்பு, பல இனங்கள் சேர்ந்தால் கூட்டு வளர்ப்பு.

வளர்க்க நிலம் வேண்டும். ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் அகருக்கு முன் ஜெலட்டினில் வளர்த்தார்கள். அது 37 டிகிரி வெப்பத்தில் உருகி வழிந்தது. 1881இல் அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேக்கு, சமையலில் தாம் பயன்படுத்திய அகரைச் சொல்லிக்கொடுத்தவர் அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. நம் வீடுகளில் கடல்பாசி என்று காய்ச்சும் அதே பொருள். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தருபவையே. 1887இல் கோக்கின் உதவியாளர் பெட்ரியின் மூடித்தட்டு வந்தது.

சரி, அந்த அகர்த் தட்டில் கட்டைவிரலை அழுத்தி 37 டிகிரியில் வைத்துப் பாருங்கள். மறுநாளே தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வெண்ணிறத் திட்டுகளாக எழும்பிவிடும். மயிர்க்கால்களின் எண்ணெய்க்குள் ஒளிந்து வாழும் கியூட்டிபாக்டீரியம் என்ற இன்னொரு பாக்டீரியா தலைகாட்டாது. அதற்கு ஆக்சிஜன் இல்லாத இடமும் ஏறக்குறைய ஒரு வாரப் பொறுமையும் வேண்டும். தோலில் அக்கம்பக்கமாக வாழும் இரண்டில் ஒன்றுதான் தட்டில் தெரிகிறது. தோலோ வறண்டது, சற்றுப் புளிப்பானது, சத்துக் குறைந்தது. தட்டு ஈரமான விருந்து மேசை. கரிசலுக்குரிய பயிரைச் சேற்றில் நட்டுவிட்டு விளைச்சலைப் பற்றிப் பேசுவது போலத்தான்.

அதனால்தான் தட்டுக்குப் பதில் 'தோல் மாதிரி', அதாவது ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும் தோல். அறுவை சிகிச்சையில் கிடைக்கும் மனிதத் தோலிலிருந்து செல்களைப் பிரித்து, நுண்துளைச் சவ்வின் மேல் பரப்புகிறார்கள். ஊட்டத் திரவம் கீழே, காற்று மேலே. இரண்டு வாரம் போல விட்டால் அடுக்கடுக்காகத் தடித்து, உச்சியில் இறந்த செல்களாலான உலர்ந்த படலம் உருவாகும். பிறகு ஊட்டத்திலிருந்து ஆன்டிபயாட்டிக்கை நீக்கிவிட்டு, பாக்டீரியாக் கலவையைத் துளியிலும் துளியாக மேலே வைக்க வேண்டும். அளவு மிஞ்சினால் பாக்டீரியா திசுவையே தின்று தீர்த்துவிடும்.

தமிழில் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இதைக் 'கிருமி வளர்ப்பு' என்று எழுதாதீர்கள். கிருமி என்றாலே நோய்தான் நினைவுக்கு வருகிறது; தோலில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை நம்மோடு இணங்கி இருப்பவை. நுண்ணுயிர் என்போம், இலங்கைப் பாடநூல்களின் நுண்ணங்கியும் நல்ல சொல்லே. சேர்ந்து வாழும் கூட்டத்துக்கு 'நுண்ணுயிர்ச் சமூகம்'. காலனிக்குத் 'திட்டு' என்பது என் தெரிவு, கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

வாக்கியத்தில்: "தோல் மாதிரியின் மேல் நுண்ணுயிர்ச் சமூகத்தைக் கூட்டு வளர்ப்பாக வளர்த்து, மூன்றாம் நாள் திட்டுகளை எண்ணினோம்."