“அவருக்கு வேண்டாம் டாக்டர், எனக்கே பண்ணிடுங்க”

அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக இருக்கும் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு வாரத்தைத் தாண்ட முடியாது. இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டது. இதோடு போதும் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனை வீட்டுக்காரர் செய்துகொள்ளலாமே, உங்களுக்குச் செய்வதைவிட அது சின்னது என்று எடுத்துச் சொல்வோம். யோசிக்கக்கூட நேரம் எடுக்காமல் பதில் வரும். பெரும்பாலும் மனைவியிடமிருந்தே வரும்.

“அவர் மூட்டை தூக்குற வேலைக்குப் போறவர் டாக்டர்.”

பக்கத்தில் மாமியார் இருந்தால் இன்னும் அழுத்தமாகச் சொல்வார்: “ஆம்பளைக்கு எதுக்கும்மா கத்தி? இவ வீட்லதானே இருக்கப் போறா.” அப்படி வீட்டில் இருக்கப்போகிறவள்தான் தண்ணீர்க் குடம் தூக்குவாள், கைக்குழந்தையையும் மூத்ததையும் மாறி மாறித் தூக்குவாள், உடம்பு தேறியதும் நூறு நாள் வேலைக்கும் போவாள். அதையெல்லாம் பாரம் என்று யாரும் எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆபரேஷனுக்கு நான் கையெழுத்து வாங்கும் பெண்களில் பலர் அந்தப் பாதியைச் சேர்ந்தவர்கள்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். கருத்தடை என்பது பெண்கள் விஷயம், ஆண் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று அதே ஆய்வில் ஒப்புக்கொண்ட ஆண்கள் மூன்றில் ஒரு பங்கு.

ஆண்கள் என்ன பயப்படுகிறார்கள் என்று தனியாக உட்காரவைத்துக் கேட்டால், கிராமத்து ஆண்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள்: மாட்டுக்குக் காயடிக்கிற மாதிரிதானே? நகரத்தில் படித்தவர்கள் இதையே சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. பார்த்துப் பழகிய ஒன்றை வைத்துத்தான் மனிதர் புரிந்துகொள்கிறார். ஆனால் இரண்டும் முற்றிலும் வேறு. காயடிக்கும்போது விதையையே செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். வாசக்டமி எனப்படும் ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனில் விதையைத் தொடுவதே இல்லை. விந்தணுவைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் இரண்டு பக்கமும் இருக்கிறது, அதை மட்டும் துண்டித்துக் கட்டுகிறோம். ஆண் தன்மைக்குக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை. விதையிலிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. அதனால் மீசை, குரல், பலம், ஆசை, விறைப்பு எதுவும் மாறாது. வெளியேறும் விந்தின் அளவுகூடக் குறைந்ததாகத் தெரியாது. விந்தில் விந்தணுவின் பங்கு மிகச் சொற்பம்.

இப்போது செய்யப்படும் தழும்பில்லா முறையை 1974இல் சீனாவின் சிச்சுவானில் லீ ஷுன்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கினார். மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் ஒரு சின்னத் துளை. தையல் கிடையாது. கால் மணி நேரத்தில் முடியும், அன்றே வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் ஓய்வு, பாரம் தூக்குவதற்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்கும் அவ்வளவுதான். பெண்ணுக்கு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். சிசேரியன் நடக்கும்போது அதோடு சேர்த்துச் செய்வதில் நியாயம் இருக்கிறது, நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். சுகப்பிரசவம் ஆன பெண்ணையும் மறுபடி ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுபோகிறோமே, அதற்கு என்ன நியாயம்? 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை செய்து, அதில் பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனதை இந்தத் துறையில் இருக்கும் எவராலும் மறக்க முடியாது. அதற்குப் பிறகுதான் 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது.

மனைவிகள் ஏன் மறுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதிக வேதனை தருகிறது. கணவர்மீது உள்ள பாசம் ஒரு காரணம், உண்மை. திரையை இழுத்துவிட்டு, மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால் வேறொன்று வரும். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அவருக்குப் பண்ணிட்டு, அப்புறம் தப்பித்தவறி எனக்கு நின்னுட்டா? யார் புள்ளைன்னு கேப்பாங்க டாக்டர். எனக்குப் பண்ணி அது ஃபெயில் ஆனா டாக்டரைத் திட்டுவாங்க. அவருக்குப் பண்ணி ஃபெயில் ஆனா என்னைத்தான் வெட்டுவாங்க.”

ஆணின் மானத்தைப் பெண்ணின் உடம்பில் கட்டி வைத்திருக்கும் ஊரில், அவள் போடும் கணக்கு தப்பே இல்லை. வயிற்றில் கத்தி படுவதைவிடச் சந்தேகம் அவளுக்குப் பெரிய ஆபத்து. இதற்கு மருத்துவத்தில் ஒரு பதில் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு உரக்கச் சொல்வதில்லை. வாசக்டமி செய்த அன்றே பலன் கிடைக்காது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் வெளியேறும் வரை மூன்று மாதம் ஆணுறையோ வேறு ஏற்பாடோ கட்டாயம் வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதியாக வேண்டும். இந்த இடைவெளியில் கவனக்குறைவாக இருந்துவிட்டால் கரு தங்கும். அதை மனைவியின் நடத்தையோடு முடிச்சுப் போடுவது அறியாமை, கொடுமையும்கூட. பரிசோதனையில் சரியென்று வந்த பிறகும், மிக அரிதாகக் குழாய் தானே இணைந்துகொள்வது உண்டு. கணவரிடமும் அவருடைய அம்மாவிடமும் இதை முன்கூட்டியே, மனைவியின் எதிரிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆண்கள் இதற்கு வரமாட்டார்கள், அது அவர்கள் சுபாவம் என்று என் சக மருத்துவர்களே சொல்லக் கேட்கிறேன். நான் இதை ஏற்கவில்லை. 1950களின் பிற்பகுதியிலேயே பணம் கொடுத்து வாசக்டமியை ஊக்குவித்த முன்னோடி மாநிலம் நம் மெட்ராஸ். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 60,000க்கு மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். ஊக்கத்தொகையின் பங்கு அதில் பெரிது. ஆனாலும் அன்று செய்துகொண்டவர்களும் வேட்டி கட்டி, வயலிலும் துறைமுகத்திலும் பாரம் தூக்கியவர்கள்தான். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு வாசக்டமி நடந்தது. வட இந்தியாவில் போலீஸை வைத்துப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள். ஆண்களின் கோபம் 1977 தேர்தலில் வெடித்தது. அதன் பிறகு அரசுகள் ஆணின் பக்கம் திரும்பவே தயங்கின. குறி பெண்கள்மீது போனது. ஒரு தலைமுறைக்குள், பெண்தானே செய்துகொள்வாள் என்பது ஆதிகாலத்திலிருந்து வரும் வழக்கம்போல ஆகிவிட்டது. பக்கத்தில் பூடானைப் பாருங்கள், அங்கே பெண்களைவிட ஆண்களே அதிகம் செய்துகொள்கிறார்கள். கனடாவிலும் பிரிட்டனிலும் அப்படித்தான்.

எங்கள் மருத்துவமனைகளும் தம் பங்குக்கு இதை வளர்க்கின்றன. கர்ப்பம் பதிவாகும் நாளிலிருந்து கிராம சுகாதார செவிலியர் பேசுவது பெண்ணிடம். பிரசவ வார்டுக்குள் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. கணவர் மரத்தடியில் டீக்கடைப் பையோடு நிற்பார், மருந்துச் சீட்டு வந்தால் ஓடுவார். கருத்தடை பற்றி அவரிடம் ஒரு வார்த்தை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பிறகு ஆண்களுக்கு அக்கறை இல்லை என்று குறிப்பு எழுதுகிறோம். ஏழாம் மாதப் பரிசோதனைக்குக் கணவரையும் கூட்டி வரச் சொல்லி, ஒரு ஆண் ஊழியரை வைத்துத் தனியாகப் பேசவைத்தால், எல்லோரும் இல்லாவிட்டாலும் சிலராவது கேள்வி கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ஊர்ல தெரியுமா?”

தெரியாது. விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது எங்கள் கடமை. திருமணமாகி, ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருந்தால் போதும். மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை என்றாலும் இருவரும் பேசி முடிவெடுப்பது நல்லது. திரும்பவும் இணைக்கும் ஆபரேஷன் உண்டு, ஆனால் பலன் நிச்சயமில்லை. அதனால் இன்னொரு குழந்தை பற்றிச் சிறு சபலம் இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள், காப்பர் டி போன்ற தற்காலிக முறை எதையாவது பாருங்கள். முடிவு உறுதியென்றால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், எந்த மருத்துவமனையில் எந்த நாளில் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார விழா நடக்கிறது. எப்போது செய்துகொண்டாலும் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனைக்கு மறக்காமல் போங்கள், அந்த ரிப்போர்ட்டை மனைவி கையில் கொடுத்து வையுங்கள்.