ஷொக் அப்சோபர்: உறிஞ்சியா, தணிப்பானா?

"பாஸ், பின்பக்கம் பதிஞ்சு போச்சு, ஷொக் ரெண்டையும் மாத்திவிடுங்கோ." பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்கள் திருகோணமலைக் கராஜ்களில் சொல்லும் வசனம் இது. ஷொக் இரண்டும் மாறும், காசும் போகும், கார் மட்டும் பதிந்தபடியே நிற்கும். காரின் பாரத்தைத் தாங்குவது ஷொக் அல்ல, ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. பெயரே ஆளைத் தவறான சாமானிடம் அனுப்பிவிடுகிறது.

'ஷொக்' என்பது மோதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'அப்சோர்ப்' என்பதன் மூலம் இலத்தீன் 'அப்சோர்பேரே', அதாவது உறிஞ்சி விழுங்குதல். இரண்டையும் சேர்த்தால் அதிர்ச்சியை விழுங்கும் கருவி என்று பொருள் வரும். 1900களின் தொடக்கத்தில், தட்டுகளை ஒன்றோடொன்று உராயவிட்டுக் காரின் ஆட்டத்தை அடக்கிய கருவிகளும் இந்தப் பெயரிலேயே விற்பனையாகின. பிரித்தானியப் பொறியியலாளர்கள் அதே சாமானை 'டாம்பர்' என்பார்கள். அதன் வேர் புகை, ஆவி என்ற பொருளுடையது. நெருப்பை மூச்சடைத்து அணைப்பது, ஓசையை மட்டுப்படுத்துவது என்று அந்தப் பொருள் பின்னர் விரிந்தது. நடக்கும் வேலைக்கு நெருங்கிய பெயர் இதுதான்.

சில்லு பள்ளத்தில் விழும்போது இடியை வாங்கிச் சுருங்குவது ஸ்பிரிங். வாங்கியதை அது வைத்திருக்காது, உடனே திருப்பித் தள்ளும். அடக்க ஆளில்லாவிட்டால் கார் ஐந்தாறு தரம் குதிக்கும். ஷொக்கின் உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெய்க்குள் ஏறி இறங்குகிறது. சின்னத் துளைகளால் எண்ணெய் நெருக்கிப் பாயும்போது குதிப்பின் சக்தி வெப்பமாகிறது. குண்டும் குழியுமான பாதையில் பத்துக் கிலோமீற்றர் ஓடிய பின் இரண்டு பின் ஷொக்குகளையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் குளிர்ந்தது செத்துவிட்டது.

தமிழில் 'அதிர்ச்சி உறிஞ்சி' என்று எழுதுவோர் உண்டு. அது ஆங்கிலப் பெயரின் நிழல், பிழையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. 'அதிர்வுத் தாங்கி' இன்னும் மோசம், தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. 'தணி' என்ற வினையோ நம்மிடம் எப்போதும் இருக்கிறது. காய்ச்சல் தணியும், தாகம் தணியும், முருகன் சினம் தணிந்த இடம் தணிகை. எழுந்த ஒன்று மெல்ல அடங்குவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை இல்லை. ஆகவே அதிர்வுத் தணிப்பான், சுருக்கமாகத் தணிப்பான்.

ஸ்பிரிங்குக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். வில்வண்டி என்று பெயர் வைத்த நம் முன்னோர் அதை வில் என்றார்கள். கொயில் ஸ்பிரிங் சுருள்வில், பட்டை பட்டையாக அடுக்கியது பட்டைவில். பட்டைகள் தமக்குள் உராய்ந்து ஆட்டத்தை ஓரளவு தாமே அடக்கும், அதனால் வில்வண்டி தணிப்பான் இல்லாமலே ஓடியது. சுருள்வில்லில் அந்த உராய்வு இல்லை.

இனிக் காருக்கு வருவோம். வெறுங்காரைச் சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். காரின் கைநூலில் உள்ள அளவைவிடக் குறைந்தாலோ ஒரு பக்கம் தாழ்ந்தாலோ வில் தளர்ந்திருக்கிறது. பின்பக்கம் பதிந்தால் முன் லைட் மேலே தூக்கி, எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். அளவு சரியாக இருந்து, டிக்கியை அமுக்கி விட்டதும் இரண்டு மூன்று தரம் ஆடினாலோ, தணிப்பானில் எண்ணெய் வடிந்தாலோ, டயர் விட்டு விட்டுப் பள்ளமாகத் தேய்ந்தாலோ குற்றம் தணிப்பானில். இரவில் திருகோணமலை நகர வீதியில் மான் குறுக்கே வந்து சட்டென்று பிரேக் பிடிக்கும்போது பின்சில்லு தரையைவிட்டுத் துள்ளுவது இதனால்தான்.

கன்னியா வெந்நீரூற்றுக்கு ஐந்து பேரும் சாமான்களுமாகப் போக வேண்டும் என்று தடித்த வில் போடுவோர் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வில்லின் விறைப்பு கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கில் ஏறும். 10 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதில் 11 போட்டால், சுற்றுகளின் எண்ணிக்கையும் சுருளின் விட்டமும் மாறாதபோது, விறைப்பு 46 சதவீதம் கூடும். அதை முன்போல அடக்கத் தணிப்பானும் ஏறக்குறைய 21 சதவீதம் பலமாக வேண்டும். பழைய தணிப்பானோடு புது வில் போட்ட கார் குதிப்பது இதனால். வில்லை வெட்டிக் குட்டையாக்குவது கூடவே கூடாது. சில்லு தொங்கும்போது வில் தன் இருக்கையை, அதாவது அது உட்காரும் தட்டை, விட்டு நழுவும். 'கேஸ் ஷொக்' காரைத் தூக்கும் என்பதும் தவறு. அதற்குள் நைதரசன் வாயு இருப்பது எண்ணெய் நுரைக்காமல் இருக்க, உயரம் சில மில்லிமீற்றருக்கு மேல் மாறாது.

வில்லும் தணிப்பானும் தனித்தனியாக உள்ள காரில் வேலை கடினமில்லை. டொயோட்டா கொரோலா 110 போல இரண்டும் 'ஸ்ட்ரட்' என்ற ஒரே தொகுதியாகச் சேர்ந்திருந்தால் வில் அமுக்கி இல்லாமல் மேல் நட்டில் கைவைக்காதீர்கள், வில் சீறி ஆளை அடிக்கும். எங்கள் ஊரில் முதல் எதிரி உப்புக்காற்று. தணிப்பானின் கீழ் போல்ட், புஷ் என்ற ரப்பர் வளையத்தின் நடுவே உள்ள இரும்புக் குழாய்க்குள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முதல்நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் விடுங்கள், ரப்பர் பக்கத்தில் நெருப்புக் காட்ட வேண்டாம். முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உடலைத் தாங்கிகளில் நிறுத்தி, அச்சுக்குக் கீழே இன்னொரு ஜாக் கொடுங்கள். தணிப்பானைக் கழற்றிய பின் அச்சை மெல்ல இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தபடியே இறக்க வேண்டும். வில்லின் நுனி இருக்கையில் அதற்குரிய பள்ளத்தில் உட்கார வேண்டும், ரப்பர் இருக்கையும், அச்சு மேலே இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பரும் புதிதாக இருக்கட்டும். குழாய்க்குள் குழாயாக அமைந்த இரட்டைக்குழாய்த் தணிப்பானைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தரம் முழுதாக அமுக்கி இழுங்கள், உள்ளே சிக்கிய காற்று மேலேறிவிடும். மினுங்கும் தண்டைக் குறடால் பிடித்தால் கீறல் விழும், அந்தக் கீறலே எண்ணெய் கசியாமல் காக்கும் 'சீல்' வளையத்தை அறுக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள்.

பலர் தவறவிடும் இடம் கடைசிப் பூட்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை, கார் சில்லில் நின்று பாரம் இறங்கிய பின்பே கடைசி முறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே நிற்கும், கொஞ்சக் காலத்தில் கிழியும். உப்புவெளி, நிலாவெளிக் கரை மணலில் ஓடியபின் வில்லின் கீழ் இருக்கையை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அங்கே மணல் தங்கிப் பெயின்ற் உரிந்து துருப்பிடித்து, வில் கடைசிச் சுற்றில்தான் உடையும்.