லேட்டன்சி: மறைநிலை அல்ல, சுணக்கம்

“குறைந்த மறைநிலை கொண்ட நினைவகமே விளையாட்டுக்கு ஏற்றது.” கேமிங் கணினிக்கு ரேம் வாங்க வழிசொல்லும் தமிழ்க் குறிப்புகளில் இப்படி எழுதியிருப்பதைப் பல தடவை படித்துவிட்டேன். ரேமில் எது மறைந்திருக்கிறது? எதுவும் இல்லை. கேட்டதற்கும் கிடைப்பதற்கும் இடையே கழியும் நேரமான லேட்டன்சியைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள்.

லேட்டன்சியின் வேர் ஒளிந்திருத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினை. உள்ளுறை வெப்பம் என்று இயற்பியலில் படிக்கிறோமே, அங்கே அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. உடலியங்கியலில், தசையைத் தூண்டியபின் அது சுருங்கத் தொடங்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாத சிறு இடைவெளிக்கும் இதே வேர்ச்சொல்தான். கணினிக்கு வரும்போது ஒளிதல் உதிர்ந்து, இடைவெளி மட்டும் நின்றுவிட்டது. அகராதியின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இந்தப் பயணம் தெரிவதில்லை. உலாவியில் தடம் பதியாமல் பார்ப்பதற்கும் மறைநிலை என்றே சொல்கிறோம் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

ரேமில் தரவு நிரையும் நிரலுமாக அடுக்கப்பட்டிருக்கிறது. நிரை திறந்தபின் “இந்த நிரலில் உள்ளதைக் கொடு” என்று கேட்டதிலிருந்து முதல் தரவு வரும்வரை கழியும் துடிப்புகளின் (ரேமை இயக்கும் கிளாக்கின் சீரான மின்துடிப்புகள்) எண்ணிக்கைதான் பெட்டியில் சிஎல் என்று போட்டிருப்பது. டிடிஆர்5-6000 என்ற வகை ரேமில் துடிப்பு நொடிக்கு 300 கோடி. சிஎல்30 என்றால் 10 நானோநொடி. துடிப்பு மெதுவான, முந்தைய தலைமுறை டிடிஆர்4-3200 சிஎல்16 ரேமிலும் அதே 10தான். டிடிஆர்5-6000 சிஎல்40 வாங்கினால் 13.3 ஆகிவிடும். சிஎல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். மறைநிலை என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

சரி, தாமதம் என்று சொன்னால் என்ன? அது வடசொல் வழி வந்தது என்பது எனக்கு ஒரு குறை. ஆனால் பெரிய குறை பொருளில் இருக்கிறது. குறித்த நேரம் ஒன்று இருந்தால்தான் தாமதம். பத்து மணி வண்டி பத்தரைக்கு வந்தால் தாமதம். ரேம் எந்த நேரத்தையும் தவறவிடவில்லை. சிஎல்30 என்றால் முப்பதாவது துடிப்பில் சரியாகக் கொடுத்துவிடுகிறது. மிகச் சிறந்த ரேமிலும் இந்த இடைவெளி உண்டு. அது பொருளின் இயல்பு.

அதற்குச் சுணக்கம் பொருந்துகிறது. “வேலையில் சுணக்கம்” என்ற செய்தித்தாள் வழக்கில் குறைசொல்லும் தொனி இருப்பது உண்மைதான். ஆனாலும் சுணங்குவது பொருளின் நடையைச் சொல்கிறது, கெடு தவறியதை அல்ல. சுணங்கும், சுணங்காத, குறைசுணக்க ரேம் என்று எப்படியும் வளைகிறது. குறித்த வேகத்துக்கு மேல் கணினியை ஓடவிடும் ஓவர்கிளாக் செய்பவர்கள், சிஎல் போன்ற எண்களைக் குறைப்பதை டைமிங்கை இறுக்குவது என்பார்களே, அதைச் சுணக்கத்தைக் குறைப்பது என்றால் யாருக்கும் புரியும்.

ஓவர்கிளாக்கிங்கை ‘மேல்கடிகாரமாக்கல்’ என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. அந்த கிளாக் மணி காட்டுவதில்லை, துடிக்கிறது. குறித்த அளவுக்கு மேல் துடிக்கவிடுவதால் மிகைத்துடிப்பு என்கிறேன். அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் ஓவர்கிளாக்கிங் என்றே எழுதட்டும். கடிகாரத்தை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம்.