சுண்ணாம்பு கண்ணில் பட்டால் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றியே ஆக வேண்டும். உடனே, நிறைய, நிறுத்தாமல். இதற்குமேல் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

போன வாரம் வந்த பையனுக்கு நான்கு வயது. பாட்டியின் சுருக்குப் பையிலிருந்த சுண்ணாம்பு பாக்கெட்டை எடுத்து இரண்டு கையாலும் அமுக்கியிருக்கிறான். பாக்கெட் வெடித்து அத்தனையும் வலது கண்ணுக்குள் பீய்ச்சிவிட்டது. கண் மருத்துவர்கள் எல்லாருமே பார்த்துப் பார்த்து அலுத்த விபத்துதான் இது. எனக்குத் தாங்காமல் போனது அவன் அப்பா சொன்ன காரணம். “சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்ல டாக்டர், அதான் ஊத்தல. துணியால துடைச்சுட்டு நேரா தூக்கிட்டு வந்துட்டோம்.” அவர்கள் ஊரிலிருந்து எங்களிடம் வர முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணிலேயே இருந்திருக்கிறது.

அவர் படித்தவர். பள்ளியில் படித்த சேர்க்கை வினை சரியாகத்தான் நினைவிருக்கிறது. அதைப் பொருத்திப் பார்த்த இடம்தான் தவறு. இதே பதிலை வேறு பெற்றோரிடமும் கேட்டுவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். இது சிதைவு வினை. மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. அதில் தண்ணீர் சேர்த்தால் நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். இது சேர்க்கை வினை, கூடவே வெப்ப உமிழ் வினையும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு முழுதாக நீறும்போது வரும் வெப்பம், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கற்சுண்ணாம்பை ஊறப்போட்டவர்கள் அது புகைந்து குமிழியிடுவதைப் பார்த்திருப்பார்கள்.

எல்லாம் சரி. ஆனால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஏற்கெனவே நீற்றியது. அந்த வினை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. அந்த விழுதுக்குள் தண்ணீர் இருக்கிறது. தினமும் விரலில் தொட்டு வெற்றிலையில் தடவுகிறார்களே, சுடுகிறதா என்ன? அதன்மேல் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது கொதிக்கப் போவதில்லை.

அப்புறம், நீற்றாத கற்சுண்ணாம்புத் தூளே கண்ணில் விழுந்துவிட்டால்? அப்போதும் தண்ணீர்தான். கண்ணில் கண்ணீர் இருக்கிறது. நீங்கள் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் வினை தொடங்கிவிடும். ஈரம் கொஞ்சமாக இருந்தால் அந்தச் சூடு அங்கேயே தங்கும். குழாய்த் தண்ணீர் தாராளமாக ஓடினால் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும், சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு போகும். சமன்பாட்டை மட்டும் படித்துவிட்டு, தண்ணீர் எவ்வளவு என்று யோசிக்காததால் வரும் குழப்பம் இது. புருவத்திலும் கன்னத்திலும் உள்ள காய்ந்த தூளைத் தட்டிவிடுங்கள். அதற்காகக் கண்ணைக் காக்க வைக்காதீர்கள்.

உண்மையில் சூடு சின்ன எதிரிதான். பெரிய எதிரி காரம். நாக்கில் உறைக்கும் காரமல்ல, அமிலத்துக்கு நேரெதிரான வேதிக் காரம். அமிலமா காரமா என்று அளக்கும் பிஎச் அளவில் 7 நடுநிலை, சுண்ணாம்புக் கரைசல் 12-க்கு மேல். அமிலம் பட்டால் கருவிழியின் மேல்புறப் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நின்றுவிடும். காரம் அப்படி நிற்காது. செல்களின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். அதனால்தான் நிமிடங்களைக் கணக்குப் பார்க்கிறோம்.

“காரம்தானே, எலுமிச்சைச் சாறு விட்டால் சரியாகிவிடாதா?” என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். நடுநிலையாக்கல் வினையும் வெப்பத்தை விடுகிற வினைதான். எத்தனை சொட்டு விட்டால் சமமாகும் என்று வீட்டில் யார் அளப்பது? காரப் புண்ணின் மேல் அமிலப் புண்ணும் சேரும், அவ்வளவுதான். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மஞ்சள் தண்ணீர் எதுவும் வேண்டாம். அவற்றைத் தேடும் நேரத்தில் பத்து குவளை தண்ணீர் ஊற்றிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “கண் சிவக்கவே இல்லை டாக்டர், வெள்ளையாத்தான் இருக்கு” என்று நிம்மதியாகச் சொல்வார்கள். அடிபட்ட கண் சிவப்பதுதான் இயல்பு. காரம் பட்ட கண் பளிங்கு வெள்ளையாகத் தெரிந்தால், கருவிழியைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் கருகிவிட்டன என்று பொருள். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் வெள்ளை அது. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. அவை போய்விட்டால், கண் தானம் பெற்றுக் கருவிழியை மாற்றினாலும் அது மட்டும் நிலைக்காது. நல்ல கண்ணிலிருந்து துளியளவு திசு எடுத்துப் பாதித்த கண்ணில் பதியவைக்கும் எளிய முறையொன்றை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2012-ல் வெளியிட்டார்கள். பலருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது. ஆனால் உடனே தண்ணீர் ஊற்றித் தடுத்திருக்கக்கூடியதற்கு இத்தனை பாடு.

செய்ய வேண்டியது இதுதான். குழந்தையைத் துண்டிலோ போர்வையிலோ கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் படுக்க வையுங்கள். அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாயுங்கள், இல்லாவிட்டால் கழுவிய தண்ணீர் அடுத்த கண்ணுக்குள் போகும். இமைகளை விரித்துப் பிடித்து மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்றுங்கள். குறைந்தது அரை மணி நேரம். குழந்தை வீறிட்டு அழும். மனம் இளகி நிறுத்திவிடாதீர்கள். போர்வெல் தண்ணீரானாலும் பரவாயில்லை, சுத்தமான தண்ணீர் தேடி ஓடாதீர்கள். கழுவிய பிறகு ஆட்டோவில் வரும்போதும் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். தேய்க்கக் கூடாது, பஞ்சு வைத்துக் கட்டவும் கூடாது.

கழுவியாயிற்று, குழந்தை தூங்கிவிட்டான் என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். அன்று அந்தப் பையனின் மேல் இமையைத் திருப்பியபோது, ரவை அளவு சுண்ணாம்புத் துகள்கள் மடிப்புக்குள் பசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. நுனிப் பஞ்சால் ஒவ்வொன்றாக எடுத்தோம். கீழ் இமைக்குள் வைத்த பிஎச் தாள் கழுவியதும் சாதாரண நிலையைக் காட்டியது. சில நிமிடம் கழித்து வைத்தால் மறுபடி காரத்தைக் காட்டும் நீலமாக ஏறியது. ஒளிந்திருந்த இன்னொரு துகள்தான் காரணம். இதை வீட்டில் யாராலும் பார்க்க முடியாது.

பாட்டிமார்களே, தாத்தாமார்களே, உங்கள் வெற்றிலையை யாரும் பிடுங்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் பாக்கெட்டை மட்டும் விட்டுவிடுங்கள். வாங்கி வந்ததும் பெரியவர் ஒருவர் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து வெட்டி, இறுக மூடும் சுண்ணாம்பு டப்பாவுக்கு மாற்றி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கடைக்கார அண்ணாச்சிகளிடமும் ஒரு வேண்டுகோள்: சுண்ணாம்பு பாக்கெட்டைச் சிறுவர்களிடம் கொடுத்தனுப்பாதீர்கள். கண்ணில் பட்டு மருத்துவமனைக்கு வர நேர்ந்தால், அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். உள்ளே இருந்தது என்ன என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.